குளக்கட்டுக்குள் நிற்கும் தண்ணீர்

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாய்க்கு வாய் அடிக்கணக்குத்தான். உன்னிச்சை 33 அடியைத் தொட்டுவிட்டதா, நவகிரி எத்தனை அடி, உறுகாமம் நிரம்பி வான் பாயத் தொடங்கிவிட்டதா, வான்கதவை எத்தனை அங்குலம் திறந்திருக்கிறார்கள் என்று வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை முழுக்க விசாரிப்பார்கள். சேனாநாயக்க சமுத்திரம் நிரம்புகிறது என்றால் சம்மாந்துறை தொடக்கம் அக்கரைப்பற்று வரை எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அந்தக் கணக்கு அவசியமானதுதான். தாழ்நிலத்தில் இருக்கிற சனத்துக்கு எப்போது வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று சொல்வது அதுதான்.

ஆனால் அது குளத்தில் நிற்கிற தண்ணீரின் கணக்கு. கட்டின் மண்ணுக்குள் ஊறி நிற்கிற தண்ணீருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. மண்ணால் கட்டிய அணை நிற்குமா, சரியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கணக்கு. அதைப் பற்றிச் செய்தியில் ஒரு வரியும் வருவதில்லை, பருவகாலக் கூட்டங்களிலும் அதிகம் பேசப்படுவதில்லை. எங்கள் குளக்கட்டுகளின் பாதுகாப்பில் உள்ள பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பொறியியலாளர் குளக்கட்டின் சாய்வு உறுதியாக இருக்கிறதா என்று எப்படிக் கணக்குப் பார்க்கிறார், அந்தக் கணக்கில் வயல்காரருக்குத் தெரிந்த விஷயங்கள் எங்கே வந்து சேர்கின்றன என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன்.

முதலில், மண் அணை எப்படி உடைகிறது? பொதுவாக மூன்று வழி. வெள்ளம் கட்டுக்கு மேலால் பாய்ந்து வெளிச்சாய்வை அரித்துக்கொண்டு போவது ஒன்று. கட்டுக்கு உள்ளாலோ அடியாலோ தண்ணீர் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வந்து குழாய்போல ஒரு வழி போட்டுவிடுவது அடுத்தது. சாய்வு அப்படியே நழுவி விழுவது மூன்றாவது. உலகில் 1986 வரை உடைந்த பெரிய மண் அணைகளை ஃபொஸ்டர், ஃபெல், ஸ்பனாகிள் என்ற மூவர் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட பாதி மேலால் பாய்ந்ததால், கிட்டத்தட்ட மறுபாதி உள்ளரிப்பால், சாய்வு நழுவியதால் 4 வீதம் அளவில்தான் என்று அவர்கள் கணக்குச் சொன்னது.

அப்படியென்றால் சாய்வைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். இந்த மூன்றும் தனித்தனி வியாதிகள் இல்லை. சாய்வு நழுவினால் கட்டின் தலை இறங்கும், தலை இறங்கிய இடத்தால் தண்ணீர் மேலேறிப் பாயும். கலிபோர்னியாவில் 1971 பெப்ரவரி 9ஆம் திகதி நிலநடுக்கத்தில் கீழ் சான் பெர்னான்டோ அணையின் குளத்தைப் பார்த்த உட்சாய்வு தலையோடு சேர்ந்து நீருக்குள் நழுவியது. மிஞ்சியது நீர்மட்டத்துக்கு மேலே ஐந்தடி அளவு வெடித்த மண்தான். கீழே குடியிருந்த ஏறத்தாழ 80,000 பேரை எழுப்பி அனுப்பினார்கள். அணை தப்பியதற்குக் குளம் அன்று முழுதாக நிரம்பியிருக்காததும் ஒரு காரணம். எங்கள் பக்கத்தில் நிலநடுக்கம் பெரிய பயம் இல்லை, அதை இத்தோடு விடுகிறேன். ஆனால் நழுவலுக்கும் மேலால் பாய்வதற்கும் இடையில் உள்ள தொடுப்பு எந்தக் குளத்துக்கும் ஒன்றுதான். கசிவு, சாய்வின் பலத்தைக் குறைப்பதும் அப்படித்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு சாய்வில் கிடக்கிற மண்ணைத் தன் பாரமே கீழே இழுக்கிறது. மண்மணிகளுக்கு இடையிலுள்ள உராய்வும், களிமண்ணாக இருந்தால் அதன் பிணைவும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. தாங்கும் பலத்தை இழுக்கும் விசையால் பிரித்தால் வருகிற எண்தான் காப்புக் காரணி. 1 என்றால் விளிம்பில் நிற்கிறது. 1க்குக் கீழே என்றால் நிற்கவே வழியில்லை. நிரம்பிய குளத்தில் நீண்டகாலம் கசிவு நடக்கும் நிலைமைக்கு 1.5, கட்டி முடித்த உடன் நிலைமைக்கு 1.3, தண்ணீர் சடுதியாக இறங்கும் நிலைமைக்கு 1.2 அல்லது 1.3 என்பது பொதுவாக எதிர்பார்க்கும் அளவுகள்.

உராய்வு எவ்வளவு என்பது மணிகள் ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகின்றன என்பதில் தங்கியிருக்கிறது. முழு விஷயமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. மண்ணின் இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்து அமுக்கத்தோடு நின்றால், மேலேயுள்ள பாரத்தில் ஒரு பங்கை அந்தத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கிறவரை கைக்குப் பாரம் தெரியாதே, அதுபோல. மணிகள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது, உராய்வு குறைகிறது. கீழே இழுக்கிற பாரமோ குறைவதில்லை, நனைந்த மண்ணுக்கு அது கூடத்தான் செய்யும். இதை விதியாக வகுத்து 1920களில் நவீன மண் பொறியியலுக்கு அத்திவாரம் போட்டவர் கார்ல் டெர்ஸாகி.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். உராய்வுக் கோணம் 30 பாகை உள்ள மணற்பாங்கான மண், பிணைவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சாய்வு 1க்கு 2, அதாவது ஓரடி உயர இரண்டடி வெளியே போகிறது. மண் காய்ந்திருந்தால் மேற்படையின் காப்புக் காரணி 1.15. அதே சாய்வில் கசிவுநீர் மேற்பரப்பு வரை ஏறி, சாய்வுக்குச் சமாந்தரமாக ஓடினால் அது 0.6க்குப் போய்விடும். சாய்வை 1க்கு 3 ஆகத் தட்டையாக்கினால் காய்ந்த நிலையில் 1.73, நனைந்த நிலையில் 0.87. மண் அதே மண்தான், தண்ணீர் மட்டும் பாதிப் பலத்தைக் கொண்டுபோய்விட்டது.

எங்கள் கட்டுகளில் களி கலந்திருக்கும், அதனால் நிலைமை இவ்வளவு மோசமாக இருக்காது. 1க்கு 2.5 சாய்வில் இரண்டு மீற்றர் ஆழத்தில் நழுவுமா என்று பார்ப்போம். 5 கிலோபாஸ்கல் பிணைவு, அதாவது கொஞ்சப் பிணைவு இருந்தாலே, காய்ந்த நிலையில் 1.8 கிடைக்கும். தண்ணீர் ஏறினால் 1.1க்குக் கிட்ட வந்துவிடும். கோடையில் கட்டில் ஏறி நின்று பார்த்தவர் “இது மலைமாதிரி நிக்குது, ஒண்டும் நடக்காது” என்று சொல்வதில் பிழை இல்லை. அவர் பார்த்தது 1.8. மார்கழியில் நிற்பது 1.1.

மேற்படை மட்டும் நழுவுவது ஒரு வகை. ஆழமாக, வில்போல வளைந்த ஒரு தளத்தில் பெரிய மண்துண்டு சுழன்று இறங்குவது இன்னொரு வகை. 1916இல் சுவீடனின் கோத்தன்பேர்க் துறைமுகத்தில் ஒரு கரை நழுவியதை ஆராய்ந்தபோதுதான் நழுவுத்தளம் வட்ட வில்லாக இருக்கிறது என்று கண்டு, அந்த வட்டத்துக்குள் அடங்கும் மண்ணைச் செங்குத்தான துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் பார்க்கும் முறை வளர்ந்தது. சுவீடன் பொறியியலாளர் ஃபெலினியஸ் அதைச் செம்மைப்படுத்தினார். 1955இல் பிஷப் இன்னும் திருத்தமான முறை ஒன்றைக் கொடுத்தார். இன்றைக்குக் கணினி ஆயிரக்கணக்கான வட்டங்களைப் போட்டுப் பார்த்து, காப்புக் காரணி எதில் ஆகக் குறைவோ அதைச் சொல்லும். அந்த ஆகக் குறைந்த எண்தான் அறிக்கையில் வருவது.

கணினி சொன்னால் சரி என்று இருந்துவிட முடியாது. அதற்குள் போடுகிற தகவல் நான்கு: கட்டின் உண்மையான குறுக்குவெட்டு, ஒவ்வொரு படையின் மண், அந்த மண்ணின் பலம், கட்டுக்குள் நீர்மட்டம். முதலாவதை அளவை எடுத்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் துளையிட்டு மண்ணெடுத்து ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். நான்காவதைப் பல இடங்களில் யாரும் அளப்பதில்லை. குளத்து நீர்மட்டத்திலிருந்து வெளிக்காலடி, அதாவது வெளிச்சாய்வு தரையைத் தொடும் இடம் வரை ஒரு கோட்டை அனுமானமாக வரைந்து விடுகிறார்கள். என் கணிப்பில், அனுமானக் கோட்டை வைத்து வந்த 1.5ஐ விட, கட்டுக்குள் அளந்த மட்டத்தை வைத்து வந்த 1.35 நம்பத்தக்கது. முதலாவது கடுதாசியில் மட்டும் பாதுகாப்பு.

எங்கள் கட்டுகளுக்கென்று சில குணங்கள் இருக்கின்றன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் கட்டிய அணை, அமெரிக்கக் கொம்பனியான மொரிசன் நுட்சன் இயந்திரங்களைக் கொண்டு படைபடையாக உருட்டி இறுக்கிக் கட்டியது. 7 இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் தண்ணீர் பிடிக்கிற சேனாநாயக்க சமுத்திரம் அதற்குப் பின்னால் நிற்கிறது. அதன் மண் என்ன, எவ்வளவு இறுக்கியது என்பதெல்லாம் பதிவாகக்கூடிய காலத்தில் கட்டப்பட்ட வேலை. படுவான்கரையிலும் அம்பாறையின் மேற்கிலும் உள்ள பழைய குளங்களின் கதை வேறு. எந்த அரசன் காலத்திலோ பக்கத்து மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கொட்டி, எருமை மிதித்து இறுக்கிய கட்டு. அதற்கு மேல் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு திருத்தம், பிறகு 1957 மார்கழி வெள்ளத்துக்கும் 1978 நவம்பர் சூறாவளிக்கும் பின்னால் திருத்தங்கள், 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளங்களுக்குப் பின்னால் இன்னொரு தடவை. ஒரே கட்டில் நாலைந்து காலத்து மண் கிடக்கிறது.

இதில் ஆக ஆபத்தான இடம் முன்பு உடைப்பெடுத்து அடைத்த இடம். வெள்ளம் வடிந்த கையோடு, அடுத்த போகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்ற அவசரத்தில் டிப்பரில் கிரவல் கொண்டுவந்து கொட்டி, பெக்கோவால் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பழைய கட்டின் வெட்டுமுகத்தைப் படிபடியாக வெட்டிப் புது மண்ணைப் பழைய மண்ணோடு கோர்க்காவிட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பொருத்து இருக்கும். தண்ணீர் அந்தப் பொருத்தைத் தேடிப் பிடிக்கும். மண்ணை 6 தொடக்கம் 9 அங்குலப் படைகளாகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, முளைகள் பதித்த ஆட்டுக்கால் உருளையால் இறுக்க வேண்டும். அமெரிக்கப் பொறியியலாளர் புரொக்டர் 1933இல் காட்டிய விஷயம் இது. மண் மிகக் காய்ந்திருந்தாலும் இறுகாது, மிக நனைந்திருந்தாலும் இறுகாது, நடுவில் ஒரு ஈரத்தில்தான் நன்றாக இறுகும். மாரிக்குள் அவசரமாக அடைத்த உடைப்பில் அந்த ஈரம் எங்கே கிடைக்கப் போகிறது? அப்படி அடைத்ததைத் தற்காலிகமானது என்று எழுதிவைத்து, கோடையில் தோண்டித் திரும்பக் கட்ட வேண்டும். பல இடங்களில் தற்காலிகமே நிரந்தரமாகிவிடுகிறது.

துருசும், அதாவது குளத்துநீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகும், அப்படித்தான். கட்டை ஊடறுத்துப் போகிற எந்தக் குழாயும், கற்கட்டும் தண்ணீருக்கு ஒரு வழிகாட்டி. கொங்கிறீற்றுக்குப் பக்கத்தில் மண்ணை உருளையால் இறுக்க முடியாது, அங்கே கையால் அடித்துத்தான் இறுக்க வேண்டும், அந்தப் பொறுமை எல்லாருக்கும் இருப்பதில்லை. மாதுறு ஓயா அணைக்கு வேலை தொடங்கியபோது, முன்பே உடைந்து கிடந்த பழைய கட்டுக்குள் செங்கல்லும் கருங்கல்லுமாகக் கட்டிய பண்டைய துருசு ஒன்று வெளிப்பட்டது. அந்தக் காலத்தவர்கள் இந்த இடத்தில்தான் ஆகக் கூடுதலான கவனத்தைச் செலவழித்திருக்கிறார்கள் என்பது அதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளம் உடைந்து நூறு பேருக்கு மேல் இறந்ததை மட்டக்களப்பாரும் மறக்கவில்லை. அது மாரிகாலமே இல்லை, கட்டுக்கு மேலால் வெள்ளமும் பாயவில்லை. காரணங்களைப் பற்றிய பேச்சில் கசிவும் அடிபட்டது, கட்டின் மேலால் போன பாரமான வாகனங்களும் அடிபட்டன. அடிக்கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அன்றைய இரவு எந்த எச்சரிக்கையும் கிடைத்திருக்காது.

சரி, கட்டுக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் எப்படி அறிவது? வெளிச்சாய்வில் ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கோடையில் சுற்றிவரப் புல் காய்ந்து கிடக்க, காலடியில் ஒரு பட்டை மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே ஊறுகிறது. காலை வைத்தால் மிதிவடி புதைகிறதா, தண்ணீர் மினுங்குகிறதா, செம்மஞ்சள் நிறத்தில் துருப்படிவு மிதக்கிறதா என்று பார்க்கலாம். காலடியில் ஈரம் இருப்பது மட்டும் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. எல்லா மண் அணையும் கொஞ்சம் கசியும். ஈரக்கோடு வருஷத்துக்கு வருஷம் சாய்வில் மேலே ஏறிவந்தால்தான் பயப்பட வேண்டும். சாய்வின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே ஊற்றுக் கண்டால் உடனே அறிவிக்க வேண்டும். போன வருஷம் ஈரம் எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதை ஒரு முளை அடித்து அடையாளம் வைத்தாலே ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது கிடைக்கும்.

ஊறிவருகிற தண்ணீர் தெளிவா கலங்கலா என்பது அதைவிட முக்கியம். ஒரு வெறும் சோடாப் போத்தலில் பிடித்து, வெளிச்சத்தில் வைத்து, ஓரிரு மணித்தியாலம் ஆடாமல் விட்டுப் பாருங்கள். அடியில் மண் படிந்தால் கட்டின் உள்ளிருந்து மண் வெளியே வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5ஆம் திகதி காலை 7 மணி தாண்டியபோது கலங்கல் நீர் வருவதைக் கண்டார்கள். மதியம் 12 மணிக்கு முதல் அணை போய்விட்டது. கலங்கலைக் கண்டால் நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அளக்கவும் முடியும். கசிவுநீர் சேர்ந்து ஓடுகிற கானில் 90 பாகை வி வடிவ வெட்டுள்ள ஒரு தகட்டை நிறுத்தி, வெட்டின் அடியிலிருந்து நீர் எவ்வளவு உயரம் என்று கோல் வைத்துப் பார்த்தால் போதும். தகட்டுக்குச் சற்றுப் பின்னால், தண்ணீர் அமைதியாக நிற்கிற இடத்தில் கோலை வைக்க வேண்டும். 5 சென்ரிமீற்றர் என்றால் செக்கனுக்கு முக்கால் லீற்றருக்குச் சற்றுக் கூட. 10 சென்ரிமீற்றர் என்றால் நாலு லீற்றருக்கு மேல். உயரம் இரட்டித்தால் கசிவு ஐந்தரை மடங்குக்கு மேலாகிறது என்பதால், கோலில் சின்ன மாற்றம்கூடப் பெரிய சேதி.

இங்கே ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெளிப்பக்கம் ஊற்றுக் கண்டவுடன் ஊர்ச்சனம் ஒன்றுகூடி, நல்ல மனதோடுதான், களிமண்ணைக் கொட்டி வாயை அடைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் நின்றதுபோலத் தெரியும். உள்ளே வந்த தண்ணீர் போக இடமில்லாமல் கட்டுக்குள் மட்டம் ஏறும், மேலே சொன்ன 1.8 இன்னும் வேகமாக 1.1ஐ நோக்கி இறங்கும். அல்லது அடைத்த வாய்க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வாய் திறக்கும். செய்ய வேண்டியது, தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மறிப்பது. ஊற்றின் மேல் முதலில் பருமணல், அதற்கு மேல் சின்னச் சல்லி, அதற்கு மேல் பெரிய கல் என்று படைபடையாகப் போட வேண்டும். மணல் கட்டின் மண்ணைப் பிடிக்கும், சல்லி மணலைப் பிடிக்கும், கல் எல்லாவற்றையும் பாரமாக அமுக்கும். தண்ணீர் தெளிந்து வெளியேறிக்கொண்டிருக்கும். காலடிக்கு வெளியே தரையில் மணல் கொப்பளித்துக்கொண்டு ஊற்றுக் கிளம்பினால், அதைச் சுற்றி மணல்மூட்டைகளை வளையமாக அடுக்கி உள்ளே நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். தண்ணீர் தெளிகிற அளவு உயரம் வந்ததும், மிச்சத்தை ஒரு பக்கத்தால் வழியவிட வேண்டும். அடைப்பதென்றால் குளத்துப் பக்கத்தால் அடைக்க வேண்டும். வெளிப்பக்கத்தால் அடைப்பது ஆபத்தை உள்ளே பூட்டி வைப்பது.

அடுத்தது உட்சாய்வு, குளத்தைப் பார்த்த பக்கம். குளம் நிரம்பியிருக்கும்போது வெளியே நிற்கிற நீரே அந்தச் சாய்வைத் தாங்கிப் பிடித்திருக்கும். தண்ணீர் சடுதியாக இறங்கினால் அந்தத் தாங்கல் போய்விடும். கட்டுக்குள் ஊறியிருக்கிற தண்ணீரோ அவ்வளவு வேகமாக இறங்காது. களி கூடிய மண்ணில் நீர் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்கூட நகரலாம், குளமோ இரண்டு மூன்று நாளில் பல அடி இறங்கும். உள்ளே பாரம் முழுக்க இருக்க, வெளியே பிடிமானம் இல்லாத இந்த நிலைமையில்தான் உட்சாய்வு, அலை அரிக்காமல் பதித்த அலைக்கற்களோடு சேர்ந்து நழுவும்.

சிறுபோகத்துக்குத் துருசு திறந்து மெல்ல மெல்ல நீர் விடும்போது இந்தப் பிரச்சினை குறைவு. வெள்ளத்துக்குப் பிறகுதான் கவனம் வேண்டும். கட்டு உடைந்துவிடும் என்ற பயத்தில் கதவுகளை முழுக்கத் திறந்து இறக்கியிருப்பார்கள், அல்லது சின்னக் குளமென்றால் ஒரு ஓரத்தால் கட்டை வெட்டிவிட்டிருப்பார்கள். மழை விட்டு, வெயில் அடித்து, எல்லாரும் வேளாண்மை என்னவாயிற்று என்று வயலுக்கு ஓடுகிற அந்த நாட்களில் உட்பக்கச் சாய்வைப் பார்க்க ஆள் இருப்பதில்லை. ஆற்றோரக் கட்டுகளுக்கும் இதே கதைதான், வெள்ளம் ஏறும்போது நின்ற கரை வடியும்போது சரியும். வான்கதவு திறப்பதைப் பற்றிய முடிவில் கீழே உள்ள ஊர்களைப் பற்றிய யோசனையோடு, ஒரு நாளைக்கு எத்தனை அடி இறக்கலாம் என்ற யோசனையும் இருக்க வேண்டும். அந்த எண் ஒவ்வொரு குளத்துக்கும் வேறு வேறு. அதைக் கணக்குப் பார்த்து முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும், வெள்ளத்துக்குள் நின்று கணக்குப் பார்க்க முடியாது.

வெடிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆவணி புரட்டாசியில் களிக்கட்டு காய்ந்து பிளக்கும். கட்டின் தலையில் எல்லாத் திசையிலும் மெல்லிய வலைபோல ஓடுகிற வெடிப்பு வெயிலால் வருவது. கட்டின் நீளவாட்டில், நுனிகள் சாய்வை நோக்கி வளைந்து, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விட விரல் பருமன் தாழ்ந்திருந்தால் அது நழுவல் தொடங்கியதன் தலைப்பகுதி. அதற்கு நேர் கீழே சாய்வின் அடியில் மண் பிதுங்கியிருக்கிறதா என்று உடனே இறங்கிப் பார்க்க வேண்டும். குறுக்குவாட்டு வெடிப்பு குளத்துப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குத் தண்ணீருக்குப் போட்ட பாதை. எதுவானாலும் முதல் மழைக்கு முன் பார்த்து நிரப்ப வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அடிமட்டத்தில் கிடக்கிற குளம் சில கிழமைகளில் நிரம்பிவிடும். வெடித்த கட்டுக்கு இறுக நேரம் கிடைக்காது. வெடிப்புக்கு இரண்டு பக்கமும் கம்பி ஒவ்வொன்று அடித்து இடைத்தூரத்தை அளந்து வந்தால் அது அகலுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியும்.

கறையான் புற்று, உடும்பு வளை, முள்ளம்பன்றி தோண்டிய பொந்து, யானை ஏறி இறங்கித் தேய்ந்த பள்ளம், மாடு இறங்கும் தடம் எல்லாம் இந்தப் பட்டியலில் அடங்கும். மருதமரத்தைப் பற்றிப் பேசினால் ஊரில் மனத்தாங்கல் வரும், நிழலுக்கும் கோயிலுக்கும் அது வேண்டும். ஆனால் கட்டுக்குள் இறங்கிய பெருவேர் ஒருநாள் செத்து உக்கினால் அங்கே ஒரு குழாய் மிஞ்சும். பெரிய மரத்தைச் சும்மா தறித்துவிட்டுப் போவதும் பிழை, வேரைத் தோண்டியெடுத்துக் குழியைப் படைபடையாக இறுக்க வேண்டும், அதுவும் குளம் வற்றியிருக்கும் காலத்தில். புதிதாக நடுகிறவர்கள் காலடியிலிருந்து நன்றாகத் தள்ளி நடட்டும். இலுக்கும் கினியாப் புல்லும் ஆளுயரம் வளர்ந்த கட்டில் மேலே சொன்ன எதையுமே காண முடியாது. ஆகவே புல் வெட்டுவதும் பாதுகாப்பு மதிப்பீட்டின் முதல் வேலைதான்.

80 ஹெக்டயருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் கையில். பெரியவற்றுக்குத் துளையிட்டு மண் பார்க்கக் காசு எப்படியாவது வரும். சின்னக் குளத்துக்கு அந்தச் செலவு வருவது அரிது. ஆனால் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தொடர்ந்து கிடக்கிற சின்னக் குளங்களில் மேலே உள்ளது உடைந்தால் கீழே உள்ளதும் சேர்ந்துதான் போகும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. குடிசார் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் பக்கத்துக் குளம் ஒன்றை எடுத்து, குறுக்குவெட்டு அளந்து, மண் பார்த்து, காப்புக் காரணி கணக்கிட்டு, அதைக் கமக்கார அமைப்பின் கையில் தமிழில் கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் பிரயோசனம். வயலுக்கு நீர் பங்கிடுகிற வட்டவிதானைக்கு எந்த இடம் எப்போது ஊறும் என்று தெரியும். மாணவருக்கு அது எந்த எண்ணாக மாறும் என்று தெரியும். இரண்டும் ஒரே தாளில் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கட்டுக்குள் நீர்மட்டத்தை அளக்கும் கருவி பெரிய விஷயமும் இல்லை. அடிப்பக்கம் துளையிட்ட பீவீசி குழாய், துளைகளைச் சுற்றி மணல், அதற்கு மேல் மழைநீர் இறங்காதபடி களியால் ஒரு அடைப்பு, வாயில் பூட்டுள்ள மூடி. கட்டு ஆக உயரமான இடத்தில் தலையில் ஒன்று, வெளிச்சாய்வின் நடுவில் ஒன்று, காலடியில் ஒன்று. கட்டைத் துளைக்கிற வேலை என்பதால் எங்கே, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறியியலாளர் நின்று தீர்மானிக்க வேண்டும், நீரை அமுக்கத்தோடு செலுத்தித் துளையிடக் கூடாது. மற்றபடி நாடாவின் நுனியில் ஒரு சின்னப் பாரத்தைக் கட்டி இறக்கி, தண்ணீரில் படும் சத்தம் கேட்டவுடன் அடியைக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது. கோடையில் மாதம் ஒரு தடவை, மாரியில் கிழமைக்கு ஒரு தடவை, வான் பாய்கிற நாட்களில் தினமும். குளத்து அடிக்குப் பக்கத்திலேயே குழாய் அடியையும் ஒரே கொப்பியில் எழுத வேண்டும். குளம் ஏறும்போது குழாய்க்குள் மட்டமும் கொஞ்சம் பிந்தி ஏறும், குளம் இறங்கும்போது பிந்தி இறங்கும், அது வழமை. குளம் ஒரே அடியில் நிற்க, மழையும் இல்லாமல், நடுக்குழாயில் மட்டும் தண்ணீர் நாளுக்கு நாள் ஏறினால் அன்றைக்கே பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும்: காலடியில் வடிகால் அடைபட்டிருக்கலாம், அல்லது கட்டுக்குள் புதிதாக ஒரு வழி திறந்திருக்கலாம்.